மட்டக்களப்பிலிருந்து உகந்தை வழியே கதிர்காமம்: மணலில் நடக்கிற விதம்

கதிர்காமப் பாதயாத்திரையில் பாதியில் பஸ் ஏறித் திரும்புகிறவர்களை யானை திருப்பி அனுப்புவதில்லை. உள்ளங்காற் கொப்புளம், தொடை உரசல், முழங்கால் வலி, தண்ணீர்க் குறைவு என்ற நான்கும்தான் அனுப்புகின்றன. தார் வீதியில் நடக்கிற மாதிரியே மணலிலும் நடக்கப் பார்ப்பதில்தான் இவற்றில் பாதி தொடங்குகிறது. கெட்டித் தரையில் நடப்பதற்கு ஆகும் சக்தியைவிட இரண்டு மடங்குக்கு மேல் மணலில் ஆகும் என்பது ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்த விஷயம். ஒவ்வோர் அடிக்கும் கால் புதைகிறது. உந்தும்போது மணல் பின்னால் சரிகிறது. உந்திய பலத்தில் ஒரு பங்கு அந்தச் சரிவிலேயே போய்விடுகிறது. இளந்தாரிகள் வேகமாய் மிதித்து இரண்டாம் நாளே சோர்ந்து இருப்பதும், அறுபது தாண்டிய அம்மாமார் ஆறுதலாய் வந்து அவர்களைக் கடந்து போவதும் அதனால்தான்.

பாதையை மூன்றாகப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் வேல் எடுத்து வருகிற அடியார்கள் மட்டக்களப்புக்கு வரும்போதே பல வாரம் நடந்திருப்பார்கள். அவர்களோடு இங்கே சேர்கிறவர்களும் உண்டு. மாமாங்கத்திலோ கொக்கட்டிச்சோலையிலோ மண்டூரிலோ கும்பிட்டுவிட்டுத் தங்கள் ஊர்க் கூட்டத்தோடு தனியாகப் புறப்படுகிறவர்களும் உண்டு. எப்படிப் போனாலும் பாதைக்கு மூன்று குணம்.

முதலாவது, கல்லடிப் பாலத்திலிருந்து களுவாஞ்சிக்குடி, கல்லாறு, பாண்டிருப்பு, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, தம்பிலுவில் என்று திருக்கோவில் வரை. ஊருக்குள் ஊர் செருகியிருக்கும். தண்ணீர், அன்னதானம், நிழல், வைத்தியசாலை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். இங்கே பெரும்பாலும் தார் வீதிதான்; கடற்கரை வெறும் தெரிவு. தமிழூர், முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வரும். தண்ணீர் கேட்டால் எந்த வீட்டிலும் இல்லையென்று சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது, திருக்கோவிலிலிருந்து கோமாரி, பொத்துவில், அறுகம்பை, பாணமை, உகந்தை. சங்கமன்கண்டிப் பக்கம்தான் இலங்கைத் தீவின் கிழக்கு முனை. ஊர்கள் விலகிவிடும், மணல் கூடும். பாணமையிலிருந்து உகந்தைமலைக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர்; கிறவலும் மணலும் கலந்த பாதை. யானைப் புழக்கம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

மூன்றாவது, உகந்தைக்கு அப்பாலுள்ள காடு. குமண, யால என்ற இரண்டு தேசிய வனங்களையும் ஊடறுத்து, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் வழியாகக் கதிர்காமம். ஆறுதலாய் நடந்தால் ஐந்து, ஆறு நாள். கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிச் சில நாட்களுக்குத்தான் இந்தப் பாதையைத் திறப்பார்கள். திகதி வருடத்துக்கு வருடம் மாறும். அறிவித்த பிறகே உகந்தையில் நிற்க வேண்டிய நாளைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் 100 கிலோமீற்றரைத் தாண்டும். நாளுக்கு 15 கிலோமீற்றர் என்று வைத்து, கால் ஆறுவதற்கு இரண்டு நாள் சும்மா விட்டு, பன்னிரண்டு நாளுக்கு முன்னமே வெளிக்கிடுங்கள். கடைசி நேரத்தில் ஒரே நாளில் 30 கிலோமீற்றர் இழுத்துக்கொண்டு உகந்தைக்கு வந்து, வெந்த காலோடு அடுத்த நாள் காட்டுக்குள் இறங்குவதுதான் இந்த யாத்திரையில் மிகப் பொதுவான பிழை.

கடற்கரையில் எங்கே கால் வைப்பது

காய்ந்த மணலில் குறுணிகளைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. ஈரம் ஏறினால் குறுணிகளுக்கிடையே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். தண்ணீர் மிதமிஞ்சினால் அந்தப் பிடி மறுபடி விட்டுப்போகும். ஆகவே அலை வந்து நனைத்து, தண்ணீர் வடிந்து, மினுக்கம் போய் மங்கலாகத் தெரிகிற பட்டைதான் நடக்கிற இடம். கால் வைத்ததும் சுற்றிலும் வெளிறி, சுவடு விரல் ஆழத்துக்குக் குறைவாக விழுந்தால் சரியான மணல். குதி முழுக்க இறங்கினால் மேலே போய்விட்டீர்கள். சுவட்டில் தண்ணீர் ஊறினால் கீழே இறங்கிவிட்டீர்கள்.

நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் இந்தப் பட்டை ஒடுக்கமாகவும் சரிவாகவும் இருக்கும். வற்று நேரத்தில் இரண்டு மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம். பெருக்கில் ஒருவருக்கும் போதாது. வற்றும் பெருக்கும் நாளுக்கு இரண்டு தரம் வரும், ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் அளவில் பிந்தும். மீன் வாடியில் கேட்டால் அன்றைய நேரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

சரிவைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தெற்கு நோக்கி நடக்கிறோம், கடல் எப்போதும் இடப்பக்கம். ஆகவே இடது கால் எப்போதும் பள்ளத்தில், வலது கால் மேட்டில். இரண்டு மணித்தியாலத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டு நாளில் முழங்காலின் வெளிப்பக்கமோ இடுப்பெலும்போ குத்தத் தொடங்கும். எண்ணெய் பூசி இது தீராது, ஏனென்றால் அடுத்த நாளும் அதே சரிவுதான். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மேலே ஏறி, அலை எறிந்த குப்பைக் கோட்டுக்கு அப்பால் உள்ள சமதரையில் பத்து நிமிடம் நடவுங்கள். சமதரை மணல் இளகியிருந்தாலும் பரவாயில்லை, இடுப்பு நேராகும். அடம்பன் கொடி படர்ந்த இடத்தில் வேர் மணலைக் கட்டி வைத்திருக்கும். கொடியில் கால் தடுக்காமல் அதன் ஓரமாய்ப் போகலாம். இராவணன் மீசை நிற்கிற மேட்டுக்குள் வெறுங்காலோடு ஏறாதீர்கள், அந்தப் புல்லின் நுனி ஊசி.

இளகிய மணலைக் கடந்துதான் ஆகவேண்டும் என்றால் எட்டைக் குறையுங்கள். குதியை முதலில் குத்தாமல் பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் தட்டையாக வையுங்கள். பெருவிரலால் உந்த வேண்டாம். முழங்காலைக் கொஞ்சம் மடித்துத் தூக்கி எடுங்கள். முன்னால் போகிறவரின் சுவட்டிலேயே கால் வைத்தால் மணல் ஏற்கெனவே இறுகியிருக்கும். முன்னால் நடக்கிறவருக்குத்தான் வேலை அதிகம் என்பதால் கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். உழவு இயந்திரத் தடம் இருந்தால் அதைவிட நல்ல பாதை கிடையாது. தார் வீதியில் மணித்தியாலத்துக்கு நான்கு, நான்கரைக் கிலோமீற்றர் போகிறவர் ஈரமணலில் மூன்றரையும் இளகிய மணலில் இரண்டும் போனால் போதும். அந்த வேகத்தை வைத்தே தங்குமிடத்தைத் தீர்மானியுங்கள்.

கரைவலை இழுக்கிற இடத்தில் கயிறு இடுப்பளவுக்கு விறைத்து நிற்கும். தாண்டவும் குனியவும் வேண்டாம். கயிறு இழுக்கிறவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போங்கள். ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே, நிந்தவூர்ப் பக்கம் கடலரிப்பு மோசம். கரை வெட்டுண்டு, பாறாங்கல் அடுக்கியிருக்கிறது. அங்கே கடற்கரையால் போக ஆசைப்படாமல் காரைதீவிலேயே வீதிக்கு ஏறிவிடுங்கள்.

ஆற்றுவாய்களும் களப்பு முகத்துவாரங்களும் யாத்திரைக் காலத்தில் பெரும்பாலும் மணல் மூடி இருக்கும். மாரியில் வெள்ளம் உடைத்த வாயைக் கோடையில் அலை திரும்ப அடைத்துவிடுகிறது. ஆனால் மூடியிருப்பதும் ஓடுவதும் கிட்டப் போனால்தான் தெரியும். ஓடினால், முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருக்கிற வாயைக் கடக்காதீர்கள். வீதிப் பாலத்தால் சுற்றுங்கள். களப்பின் உள்விளிம்பில் வெள்ளையாய்க் காய்ந்த பொருக்கு தரை மாதிரித் தெரியும், அடியில் சேறு. தடியால் குத்திப் பார்த்து, தடி ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் விலகிவிடுங்கள். களப்பில் முதலையும் உண்டு.

காலுக்கு

நேர்த்திக்காக வெறுங்காலோடு நடக்கிறவர்கள் பலர். அதில் தவறில்லை, ஆனால் வெறுங்கால் பழக வேண்டும். வெளிக்கிட ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே காலையில் ஒரு மணித்தியாலம் கல்லடிக் கடற்கரையிலும் மாலையில் கிறவல் பாதையிலும் நடந்து தோலை முரடாக்குங்கள். சலரோகம் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் நெருஞ்சி முள் ஏறியதும் சூடு பட்டதும் தெரியாது. புண் சீழ் வைத்த பிறகுதான் தெரியவரும். நேர்த்தி இருந்தால் கோயில் வீதியில் வெறுங்காலாய்ப் போய் நிறைவேற்றலாம்.

பாதணி என்றால் பின்பட்டி உள்ள செருப்புத்தான் எங்கள் தெரிவு. சாதாரண பாட்டா மணலை வாரிக் கெண்டைக்காலில் அடிக்கும், விரலிடுக்கை அறுக்கும், அதைப் பிடித்து வைக்க விரல்கள் ஓயாமல் மடங்கிக் கணுக்காலும் நோகும். கன்வஸ் சப்பாத்து மணலை உள்ளே வாங்கும், வெளியே விடாது. சப்பாத்துத்தான் போடுவேன் என்றால் அரை அளவு பெரிதாகப் போடுங்கள், மாலையில் கால் வீங்கும். ஒவ்வொரு தரிப்பிலும் கழற்றி உதறுங்கள். மேசு ஈரமானால் மாற்றுங்கள்.

கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடம் சுடும். சுட்டவுடன் நில்லுங்கள். மணலைக் கழுவி, துடைத்து, உலரவிட்டு, பிளாஸ்ரர் ஒட்டுங்கள். இன்னும் ஒரு கிலோமீற்றர் போய்ப் பார்ப்போம் என்பதற்குள் தோல் எழும்பிவிடும். சிறிய கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பெரிதாகி விறைத்து நடக்கவே முடியாவிட்டால், சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஸ்பிரிற்றில் துடைத்த ஊசியால் ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி நீரை வடிய விடுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள், அதுதான் இயற்கையான கட்டு. மருந்து பூசி மூடுங்கள். உடைந்த கொப்புளத்தை வைத்துக்கொண்டு களப்புத் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

தொடை உரசல் கடலில் குளித்துவிட்டு அப்படியே நடப்பதால் வருவது. உப்பு காய்ந்து துணியில் படிந்து அரத்தைப் போல ராவும். குளித்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வேட்டிக்கோ சீலைக்கோ உள்ளே முழங்கால் அளவு பருத்திக் காற்சட்டை போடுங்கள். காலையில் வெளிக்கிடும்போதே தேங்காயெண்ணெயோ வசிலினோ பூசுங்கள். உரசிப் புண்ணான பின் பூசி மிச்சம் நடப்பது கடினம்.

வெயிலும் கச்சானும் தண்ணீரும்

ஆனி, ஆடியில் இங்கே மேற்கேயிருந்து கச்சான் அடிக்கும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வருகிற காற்று அது, ஈரமே இல்லை. வியர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடுவதால் வியர்க்கவில்லை என்றே நினைப்பீர்கள். உதடு வெடிப்பதும், சிறுநீர் கடும் மஞ்சளாவதும், காரணமில்லாமல் எரிச்சல் வருவதும் அடையாளம். கூட்டத்தில் சாமி ஒருவர் சின்ன விஷயத்துக்குச் சண்டை பிடித்தால் முதலில் தண்ணீர் கொடுங்கள்.

ஊர்ப்பகுதியில் அதிகாலை 4 மணிக்கு நடக்கத் தொடங்கி எட்டரைக்குள் நிறுத்துங்கள். மறுபடி பின்னேரம் 4 மணி தொட்டு இருட்டும் வரை. இடையில் மணல் மேற்பரப்பு 50 பாகைக்கு மேல் போகும். பழகிய பாதமும் தாங்காது. விடியற்காலையில் பனி இறங்கிய மணல் கொஞ்சம் இறுகியும் இருக்கும், அது உபரி இலாபம். கோமாரிக்குத் தெற்கே இந்த நேரக் கணக்கை மாற்றுங்கள்: யானை உள்ள இடத்தில் நன்றாக வெளித்த பிறகே அடியெடுத்து வைக்க வேண்டும், பொழுது சாய முதலே தங்குமிடம் சேர வேண்டும்.

ஒருவருக்கு நாளுக்கு 4 தொடக்கம் 5 லீற்றர். பொத்துவில் வரை 2 லீற்றர் சுமந்தால் போதும். பாணமைக்கு அப்பால் 3 லீற்றருக்குக் குறையக் கூடாது. கால் மணித்தியாலத்துக்கு நாலைந்து மிடறு. தாகம் எடுக்கும்வரை பார்த்திருந்து ஒரு போத்தலை ஒரே மூச்சில் குடித்தால் வயிறு கலங்கும். வெறும் தண்ணீரையே நாள் முழுக்கக் குடித்தாலும் தலைசுற்றும், உப்புப் போகிறது. ஜீவனிப் பொதி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனிக் கலவை) கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் தட்டையாக வழித்த ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். அளவு முக்கியம், உப்பைக் கூட்டினால் தீங்கு.

கடற்கரையில் நல்ல தண்ணீர் வேண்டுமானால் அலைப்பக்கம் தோண்டக் கூடாது. மணல் மேட்டுக்குப் பின்னால் பூவல், அதாவது ஆழமில்லாத ஊற்றுக்குழி, தோண்டுங்கள். மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட இலேசானது, அதனால் மேலே மிதந்து நிற்கும். ஈரம் ஊறியவுடன் நிறுத்திவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் ஆழமாக்கினால் உவர் ஏறிவிடும். அள்ளியதைத் துணியில் வடித்துக் கொதிக்க வையுங்கள், அல்லது குளோரின் மாத்திரை போட்டு அரை மணித்தியாலம் விடுங்கள்.

வியர்வை நின்று, உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் அது களைப்பைத் தாண்டிவிட்டது. நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, நனைத்த துணியால் போர்த்து விசிறியபடியே 1990 அவசர அம்புலன்சை அழையுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. பொத்துவில் வைத்தியசாலையைத் தாண்டினால் கதிர்காமப் பக்கம் போகும் வரை பெரிய வைத்தியசாலை இல்லை. காட்டுக்குள் தொலைபேசி அலை பல இடத்தில் கிடைக்காது. பிறசரோ நெஞ்சு வருத்தமோ உள்ளவர்கள் பொத்துவிலில் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுங்கள். அங்கே நிறுத்திக்கொண்டு பஸ்ஸில் கதிர்காமம் போய்க் கும்பிட்டாலும் முருகன் கோபிக்கமாட்டார்.

மூட்டை

உடல் நிறையில் பத்தில் ஒன்று. 60 கிலோ உள்ளவருக்கு 6 கிலோ, தண்ணீர் தவிர. சாரம் அல்லது சீலை இரண்டு, துவாய், விரித்துப் படுக்கவும் பொதி மூடவும் உதவும் படங்கு ஒன்று, ரோச், கத்தி, நெருப்புப்பெட்டி, சட்டி கூட்டத்துக்கு ஒன்று, மருந்துப் பை, தேசிய அடையாள அட்டை. காட்டுக்கு அரிசி, பருப்பு, சத்துமா, அவல், பனங்கட்டி, பேரீச்சை. வெந்து தின்ன வேண்டியதைவிட நனைத்துத் தின்னக்கூடியது நல்லது. விறகும் தண்ணீரும் மிச்சம். பொலித்தீன் பொதிகளை வீட்டிலேயே பிரித்துத் துணிப்பையில் கட்டுங்கள், வனத்துக்குள் அவற்றைக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

தடி தோள் உயரம். மணலுக்குத் தடித்த முனை கீழே வரவேண்டும். கூர்முனை குத்திக்கொண்டு இறங்கிவிடும்.

உகந்தைக்கு அப்பால்

உகந்தையில் ஒரு நாளாவது தங்குங்கள். பெயர் பதிந்து, கால் கழுவி ஆற்றி, கூட்டத்தைத் தேடிச் சேருங்கள். தனியாக இறங்க வேண்டாம். வேலாயுதத்தைச் சுமந்து முன்னே போகிற சாமி எந்த இடத்தில் தரிக்கிறாரோ அங்கேதான் எல்லோரும் தரிப்பது. முந்திப் போகிறவரும் பிந்தி நிற்கிறவரும்தான் யானைக்கு முன்னால் மாட்டுகிறவர்கள். கடைசியில் பாதை தெரிந்த ஒருவர் வரட்டும்.

காட்டு மணல் கடற்கரை மணலைப் போல அல்ல. மேலே தூசு, கீழே இறுகல், இடைக்கிடை வேர். பார்வை நிலத்தில் இருக்க வேண்டும். புடையனும் சுருட்டையும் சருகு நிறத்திலேயே கிடக்கும். இரவில் ரோச் இல்லாமல் மலசலத்துக்குக்கூடப் போகாதீர்கள்.

யாத்திரைக் காலமும் பாலைப்பழக் காலமும் ஒன்றாய் வருகின்றன. கரடிக்கு அதில் கொள்ளை ஆசை. பழம் உதிர்ந்து கிடக்கிற பாலை மரத்தடியில் இளைப்பாறவோ படுக்கவோ வேண்டாம். பழம் பொறுக்கப் பாதையை விட்டு விலகவும் வேண்டாம். யானையைவிடக் கரடி ஆபத்து என்று காட்டோரத்து ஆட்கள் சொல்வது சரிதான்: யானை பெரும்பாலும் முன்னமே தெரியும், கரடி முட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும். பேச்சுச் சத்தமும் அரோகராவும் கேட்டால் அது தானாக விலகும்.

குமுக்கன் ஆறு கோடையில் பெரும்பாலும் மணலாய்க் கிடக்கும். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி எடுக்கிற தண்ணீர் தெளிவாக இருக்கும், ஆனாலும் கொதிக்க வையுங்கள். தேங்கிய மடுவில் முதலை கிடக்கலாம். குளிப்பவர்கள் முழங்காலளவுத் தண்ணீரில், கூட்டமாய், வாளியால் அள்ளிக் குளியுங்கள். மெல்லிய மணல் ஆற்றுப்படுக்கையில் படுக்கச் சுகமாக இருக்கும், ஆனால் யானை இறங்குகிற வழி அது. கரையில் ஏறி, மிருகத் தடம் இல்லாத வெளியில் படங்கை விரியுங்கள். சில இடங்களில் தண்ணீர்த் தாங்கி வைத்திருப்பார்கள், பவுசரும் வரும். வரும் என்று நம்பிப் போத்தலை வெறுமையாக்காதீர்கள்.

மாலையில் உடுப்பைக் கழற்றி உண்ணி பாருங்கள்: அக்குள், இடுப்புக் கட்டு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம். கடித்திருந்தால் எண்ணெய் ஊற்றவோ நெருப்பால் சுடவோ வேண்டாம். சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, திருகாமல் நேரே இழுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

வீடு திரும்பி இரண்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பனடோலோடு சமாளிக்காமல் வைத்தியரிடம் போங்கள். காட்டால் நடந்ததையும், தேங்கிய தண்ணீரில் இறங்கியதையும், உண்ணி கடித்ததையும் நீங்களே சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிக் காய்ச்சலுக்கும் மருந்து உண்டு, ஆனால் அதைச் சொன்னால்தான் அவர் அந்தப் பக்கம் யோசிப்பார்.